பதினாறு காலிக் கட்டங்கள்

எங்கள் குடும்பத்தில் யாரும் குதிரைப் பந்தயம் பார்த்ததில்லை. ஆனாலும் சமையலறைச் சுவரில் வருடம் முழுக்கக் குதிரைகள் இருந்தன. பக்கத்து டவுன் பாலோவில் மளிகைக் கடை வைத்திருந்த சீனர் ஆண்டுக் கடைசியில் இலவசமாகக் கொடுக்கும் காலண்டர் அது. உள்ளங்கை அகலத்துக்கு எண்கள், பந்தய நாள் என்றால் எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு குட்டிக் குதிரை, பள்ளி விடுமுறைக்கு நிறம் மாற்றிய கட்டங்கள், எழுதிக்கொள்ளத் தாராளமாக இடம். எங்கள் வரிசையில் மலாய்க்காரர் வீட்டிலும் சீனர் வீட்டிலும் இதே காலண்டர்தான் தொங்கும். மற்றவர்கள் அதில் அடுப்புக்குக் கேஸ் தோங் மாற்றிய நாளையும் பிள்ளைக்கு ஊசி போடவேண்டிய நாளையும் எழுதிவைப்பார்கள். எங்கள் வீட்டுக் காலண்டர் மட்டும் டிசம்பர் வரைக்கும் அச்சகத்திலிருந்து வந்தபடியே இருக்கும். அம்மாவுக்கு எழுதிவைக்கிற பழக்கம் இல்லை. எதை என்றைக்கு ஊன்றுவது, என்றைக்குப் பறிப்பது எல்லாம் அவள் தலைக்குள் இருந்தது.

வீட்டுக்குப் பின்னால் ஒரு தவுக்கேயின், சீன முதலாளியின், எண்ணெய் எடுக்கிற செம்பனைத் தோட்டம். பழைய மரங்களைச் சாய்த்துவிட்டுப் புதுக் கன்றுகள் வைத்திருந்தார். கன்றுகள் என் இடுப்பு உயரம். அவை வளர்ந்து நிழல் கட்டும்வரை வரிசைகளுக்கு நடுவில் என்ன வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம் என்று அம்மாவிடம் சொல்லியிருந்தார். அவருக்குப் புல் வெட்டுகிற செலவு மிச்சம், எங்களுக்குக் காய் மிச்சம். அப்பா விடியற்காலை தொழிற்சாலை பஸ் ஏறிக் கூலாய்க்குப் போய் இயந்திர எண்ணெய் வாசனையோடு மாலையில் திரும்புவார். தோட்டம் முழுக்க முழுக்க அம்மாவின் ராஜ்ஜியம். அப்பாவுக்கு வெண்டைச் செடிக்கும் காட்டுச் செடிக்கும் வித்தியாசம் தெரியாது. ஒருமுறை உதவி செய்கிறேன் பேர்வழி என்று மிளகாய் நாற்றுகளைக் களை என்று பிடுங்கிப்போட்டார். அன்றோடு அவருக்குத் தோட்டத்தில் வேலை போய்விட்டது.

தைப்பூசம் கழிந்தால் எங்கள் பக்கம் மழை தலைமறைவாகிவிடும். ஐந்து வாரமோ ஏழு வாரமோ, மண் வெடிக்கிற வெயில். பக்கத்தில் பயிர் போட்டிருந்தவர்கள் அந்த மாதங்களில் மண்வெட்டியைக் கழுவி வைத்துவிடுவார்கள். அம்மா மட்டும் அப்போதுதான் முழுமூச்சாக இறங்குவாள். மழையில் எவனும் விளைய வைப்பான், வெயிலில் விளைகிற காய்க்குத்தான் வாங்கிப்போகும் லோரிக்காரர் வீட்டு வாசல்வரை வருவார் என்பது அவள் கட்சி. கோயில் விரதக்காரர்கள் காய் தேடுகிற காலமும் அதுதான்.

வெயில் கால நடவுக்கு அவளிடம் ஒரு சட்டம் இருந்தது. "மொதல்ல தண்ணிய எண்ணு. அப்புறம் வெதய எண்ணு." செம்பனை வரிசைக்கு நடுவே ஓடும் கான் என்கிற வடிகாலில் ஓர் இடத்தை ஆழப்படுத்தி அப்பா குட்டை போல வெட்டிக் கொடுத்திருந்தார். நல்ல நாளில் காலையில் முப்பது பூவாளி, மாலையில் முப்பது பூவாளி தண்ணீர் அதில் மொள்ளலாம். அதற்கு மேல் சேறுதான் வரும். முளைத்து வருகிற பாத்தி இரண்டு வேளையும் குடிக்கும். காய்க்கிற பாத்திக்கு ஒரு வேளை போதும். லாலான் புல்லை அறுத்து அடியில் மூடாக்காகப் போட்ட கத்தரியும் பாகலும் ஒருநாள் விட்டு ஒருநாள் கொடுத்தாலும் கோபித்துக்கொள்ளாது. ஆகவே எல்லாவற்றையும் ஒரே நாளில் ஊன்றக்கூடாது. ஒரு பாத்தி வளர்ந்து நிமிர்ந்த பிறகு அடுத்தது. "வெயில்ல ரெண்டு கைப்புள்ளைக்கு மேல வச்சுக்கிட்டா எல்லாமே அழும்டி" என்பாள்.

நான் ஐந்தாம் ஆண்டுக்குப் போன வருடம் ஒரு அதிசயம் நடந்தது. புதுக் காலண்டர் வந்ததும் அம்மா அதைச் சுவரில் மாட்டாமல் மேசையில் விரித்தாள். என் பென்சில் பெட்டியிலிருந்து நீலப் பேனாவும் சிவப்புப் பேனாவும் கேட்டாள். மூன்று மத்தியானம் உட்கார்ந்து எழுதினாள். ஊன்றுகிற நாள் நீலம், பறிக்கிற நாள் சிவப்பு. கூடவே சின்னச் சின்னக் குறிப்புகள். 'வெண்டை, ரெண்டு விரல் ஆழம், முதல் நாள் ராத்திரி ஊறவை.' 'பயத்தங்கொடிக்குக் குச்சி நடு.' 'மிளகாய் நாற்று எடுத்து நடு. அப்பாவைக் கேட்காதே, பிடுங்கிவிடுவார்.' எழுத்தெல்லாம் பெரிது பெரிதாக, முதலாம் ஆண்டு வாத்தியார் கரும்பலகையில் எழுதுவதுபோல. ஜனவரியில் தொடங்கி ஒரு மாதம் விடாமல் டிசம்பர்வரை போனாள்.

"டிசம்பர் மழ எப்படி வரும்னு இப்பவே எப்படிம்மா தெரியும்?" என்று கேட்டேன்.

"தெரியாதுதான். எழுதி வச்சா சோறா கேக்கப் போவுது?" என்றாள், தலை நிமிராமல்.

எனக்கு ஒரே பெருமை. இத்தனை நாள் வாயால் சொல்லிக்கொண்டிருந்த அம்மா கடைசியில் என்னைப் போலப் படித்தவர்கள் வழிக்கு வந்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன். வரிசை நேராக வர என் அடிக்கோலைக் கொடுத்தேன். எழுத்துப் பிழைகளைத் திருத்தினேன். அக்டோபரில் ஒரு கட்டத்தில், காய் சம்பந்தமே இல்லாமல், 'தீபாவளிக்குப் பாவாடை தைக்கக் கொடுக்கணும், அளவு தையல்காரம்மாவிடம் இருக்கு' என்று இருந்தது. இதையும் போய் எழுதுவார்களா என்று சிரித்தேன். அம்மாவும் சிரித்தாள்.

எழுதி முடித்த பிறகு விதைகளை நாளிதழ்த் தாளில் சின்னச் சின்னப் பொட்டலங்களாக மடித்து, மேலே தேதி போட்டு, சதுரப் பிஸ்கட் டின்னில் வரிசையாக அடுக்கினாள். எங்கள் கணக்குப் பாட நூல்கூட அவ்வளவு ஒழுங்காக இருக்காது. அதில் ஒரு ஓட்டைதான் என் கண்ணை உறுத்தியது. மார்ச் பள்ளி விடுமுறை தொடங்கும் சனிக்கிழமையிலிருந்து பதினாறு கட்டங்கள் காலியாக இருந்தன. நீலமும் இல்லை, சிவப்பும் இல்லை. எண்களும் இரண்டு மூன்று குதிரைகளும் மட்டும் நின்றன.

கணக்கில் வகுப்பில் நான்தான் முதல். அது ஒரு வியாதி. பிறர் கணக்கில் பிழை கண்டால் கை அரிக்கும். அப்போதே கேட்டேன். "அந்த நாள்ல சும்மா இருக்கட்டும்டி. மண்ணுக்கும் லீவு வேணும்ல" என்று சொல்லிக் காலண்டரை மாட்டிவிட்டாள்.

விடுமுறைக்கு முதல் நாள்தான் விஷயம் வந்தது. தங்காக்கில் இருக்கும் சித்தியின் நாத்தனாருக்குக் கல்யாணம், புடவை எடுக்க ஒத்தாசைக்குக் கூப்பிடுகிறார்கள், பதினாறு நாள் இருந்துவிட்டு வருவேன் என்றாள் அம்மா. தங்காக் என்றால் எனக்குச் சொர்க்கம். தெருவின் இரண்டு பக்கமும் துணிக்கடை. நானும் வருகிறேன் என்றேன். முடியாது என்றாள். விடுமுறைதானே என்றேன். அப்பாவுக்கு யார் சோறு போடுவது, தோட்டத்துக்கு யார் தண்ணீர் ஊற்றுவது என்றாள். அழுதேன், காலை உதைத்தேன், சாப்பாட்டைத் தள்ளினேன். அம்மா அசையவில்லை.

உண்மையில் அவள் தங்காக் போகவில்லை. குளுவாங் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனாள். கர்ப்பப்பையில் கட்டி. நல்லதா கெட்டதா என்பது எடுத்துப் பார்த்தால்தான் தெரியும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அறுவைக்கு அந்தச் சனிக்கிழமை படுக்கச் சொல்லிப் புதுக் காலண்டர் வருவதற்கு முன்பே தேதி கொடுத்துவிட்டார்கள். எட்டு நாள் ஆஸ்பத்திரி, மீதி எட்டு நாள் தங்காக்கில் சித்தி வீட்டில் படுக்கை என்பது ஏற்பாடு. ஆகப் பொய்யிலும் பாதி உண்மை இருந்தது. இதெல்லாம் எனக்குத் தெரிய எட்டு வருடம் ஆயிற்று. அன்றைக்கு நான் அறிந்தது ஒன்றுதான். என் அம்மா என்னை விட்டுவிட்டுத் துணி எடுக்கப் போகிறாள்.

கிளம்புகிற காலையில் ஒரு புதுப் பூவாளி கொடுத்தாள். பச்சைப் பிளாஸ்டிக், வழக்கமானதில் பாதி அளவு. எனக்கு அவமானமாகப் போய்விட்டது. இத்தனை நாளாகப் பெரியதையே தூக்கியவள் நான்.

"இதுல காலையில எட்டு. சாயங்காலம் அப்பா வந்து பெருசுல பத்து ஊத்துவாரு. அவ்வளவுதான், வேற ஒன்னும் செய்ய வேணாம்" என்றாள். பிறகு என் முகத்தைப் பிடித்துக்கொண்டு, "நான் வந்து பாக்கறப்ப எல்லாம் உசுரோட இருக்கணும். இருக்குமா?" என்றாள்.

"இருக்கும்" என்றேன், முகத்தைத் திருப்பிக்கொண்டு. கோபம் இருந்தாலும் அந்த வாக்கு நிஜமான வாக்குதான். எதை மறந்தாலும் அதை மறக்கக்கூடாது என்று இருந்தேன்.

ஆனால் முந்திரிக்கொட்டைக்குச் சும்மா இருக்கத் தெரியுமா? மறுநாளே காலண்டர் முன்னால் போய் நின்றேன். பதினாறு நாள் மண்ணைச் சும்மா போட்டால் வரும் மாதம் பறிப்பதில் பதினாறு நாள் துண்டு விழும். இது அம்மாவுக்குத் தெரியாமல் போய்விட்டது. துணி நினைப்பில் எண்ணத் தவறிவிட்டாள். நான் சரிசெய்து வைத்தால் வந்து பார்த்து வாயடைத்துப் போவாள். என்னைத் தங்காக் கூட்டிப் போகாததற்கு வெட்கப்படுவாள். இரண்டாவது காரணம்தான் எனக்கு முக்கியம்.

பிஸ்கட் டின்னைத் திறந்து, ஏப்ரல் தேதி போட்ட பொட்டலங்களில் நான்கை எடுத்தேன். மூன்று வெண்டை, ஒரு பயத்தங்காய். குறிப்பில் சொன்னபடி ஊறவைத்தேன். இரண்டு விரல் ஆழம் வைத்தேன். வெயிலுக்குச் செம்பனை மட்டையைக்கூட நட்டு நிழல் கட்டினேன். நான்கு பாத்தி, ஒரே நாளில். பச்சைப் பூவாளியை மூலையில் போட்டுவிட்டுப் பெரியதை எடுத்தேன். மாலையில் வந்த அப்பா நான் கை காட்டிய இடத்திலெல்லாம் ஊற்றினார். எது பழைய பாத்தி எது புதியது என்று அந்த மனிதருக்கு எங்கே தெரியும்.

ஐந்தாம் நாள் முளை விட்டது. மண்ணைத் தலையில் சுமந்துகொண்டு வெண்டை வரிசை வரிசையாக எழுந்து நின்றது. அந்தக் காலையில் நான் இருந்த இருப்பு இருக்கிறதே, பள்ளி மேடையில் பரிசு வாங்கினபோதுகூட அப்படி இருந்ததில்லை. பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மாவை, எங்கள் மக்சிக்கை, இழுத்துவந்து காட்டினேன். பகல் முழுக்க என்னைப் பார்த்துக்கொள்வதும் மத்தியானச் சோறு கொடுப்பதும் அவர்தான். அவர் பாத்திகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், என் தலையைத் தடவி, "கெசியான்" என்றார். பாவம் என்று அர்த்தம். முளைத்த விதைக்கு எதற்குப் பாவம் என்று புரியவில்லை. அந்தப் பதினாறு நாளும் என்னைப் பார்க்கும்போதெல்லாம் அவர் "சுடா மக்கான்?" என்று சாப்பாட்டை விசாரித்துவிட்டு, பதில் வருமுன்னே "கெசியான்" என்பார். மெலிந்து தெரிகிறேன் போலிருக்கிறது என்று இரண்டு தட்டுச் சாப்பிட ஆரம்பித்தேன்.

அப்பாவிடமும் ஒரு மாற்றம் இருந்தது. தொழிற்சாலைச் சட்டை போட்டுக்கொண்டுதான் காலையில் போனார், மாலையில் வந்தார். ஆனால் இயந்திர எண்ணெய் வாசனை இல்லை. மருந்துக்கடை வாசனை வந்தது. கேட்டதற்குத் தொழிற்சாலையில் தரை கழுவ மருந்து மாற்றியிருக்கிறார்கள் என்றார். நான் நம்பினேன். அப்பா பொய் சொல்லத் தெரியாதவர் என்றுதான் அம்மா எப்போதும் சொல்வாள்.

எட்டாம் நாளுக்குப் பிறகு வெயில் தன் வேலையைக் காட்டியது. குட்டையில் தண்ணீர் கண்ணெதிரே இறங்கியது. காலையில் முப்பது மொண்ட இடத்தில் பதினைந்துகூடத் தேறவில்லை. மார்ச் பாதிக்கு மேல் குட்டை பாதியாகிவிடும் என்பதை அம்மா எங்கும் எழுதவில்லை. எழுதுவதற்குப் பதிலாகத்தான் கட்டங்களைக் காலியாக விட்டிருந்தாள். என் நான்கு கைப்பிள்ளைகளும் இரண்டு வேளையும் குடிக்கக் கேட்டன. அவற்றை விட மனசில்லை, நான் பெற்றவை ஆயிற்றே. ஆகவே அம்மாவின் பயத்தங்காய்ப் பாத்திக்கு உரியதை எடுத்து இவற்றுக்கு ஊற்றினேன். யாருக்கும் தெரியாமல், பச்சைப் பூவாளியில், கொஞ்சம் கொஞ்சமாக.

பதினோராம் நாள் காய் வாங்கும் லோரிக்காரர் வந்தார். தமிழ், மலாய், சீனம் மூன்றையும் ஒரே வாணலியில் போட்டு வதக்கிப் பேசுகிற கிழவர். பயத்தங்கொடிக்கு அடியில் குனிந்து ஒரு பிடி அள்ளிக் காட்டினார். உதிர்ந்த பூ.

"அலமாக், பூ எல்லாம் கீழ ஜாத்து. தண்ணி பத்தல" என்றார். பிறகு என் பாத்திகளைப் பார்த்து, "இந்த மாசம் அம்மா இவ்ளோ போடாதுலா. யாரு போட்டா?" என்றார்.

அவர் போன பிறகு பூவைப் பொறுக்கிக் கொடியில் திரும்ப ஒட்டமுடியுமா என்று உட்கார்ந்து பார்த்தேன். பதினொரு வயதில் அதையும் முயன்று பார்க்கத் தோன்றும். எல்லாம் உயிரோடு இருக்கும் என்று நான் கொடுத்த வாக்கு கையில் பழுப்பாகக் கிடந்தது.

அன்று அப்பா பொழுதோடு வந்தார். நேராகத் தோட்டத்துக்கு வந்து குட்டையில் பூவாளியை விட்டார். சேறு வந்தது. வாடிய கொடியையும் தலை தொங்கிய வெண்டைப் பிள்ளைகளையும் பார்த்தார். உள்ளே போய்க் காலண்டர் முன்னால் நின்றார். நானும் பின்னால் போனேன்.

"இந்த நாள்ல ஒன்னும் ஊனச் சொல்லலயேம்மா உங்கம்மா" என்றார்.

"காலியா இருந்துச்சுப்பா. அம்மா கணக்குத் தப்பு. நான் நெரப்பினேன்."

அறைவார் என்று கன்னத்தைத் தயாராக வைத்துக்கொண்டேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. அந்தக் காலிக் கட்டங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகத் தோட்டத்துக்குத் திரும்பி, பயத்தங்கொடிக்கு நடுவில் குந்தி, இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். முதுகு குலுங்கியது. என் அப்பா அழுது நான் பார்த்ததே இல்லை. அம்மாவுக்கு மூன்று நாளாகக் காய்ச்சல் இறங்காமல் ஆஸ்பத்திரியிலேயே வைத்திருக்கிறார்கள் என்பதும், அன்று காலை அவளுக்கு அவரை அடையாளம் தெரியவில்லை என்பதும், எடுத்த கட்டியைப் பற்றி இன்னும் பதில் வரவில்லை என்பதும் எனக்கு எப்படித் தெரியும்? பயத்தங்காய்க்காக அழுகிறார் என்று நினைத்தேன். இவ்வளவு நாளும் தோட்டத்தின் மேல் இத்தனை பிரியத்தை இந்த மனிதர் எங்கே ஒளித்து வைத்திருந்தார் என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

பக்கத்தில் உட்கார்ந்து அவர் தோளைத் தட்டினேன். "அழுவாதீங்கப்பா. வேர் இன்னும் பச்சையாத்தான் இருக்கு. தண்ணி கொடுத்தா பொழச்சிரும்."

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். "பொழச்சிருமா?" என்றார், நான் டாக்டர் என்பதுபோல.

"பொழச்சிரும். அம்மாவே சொல்லிருக்காங்க. வெளிய வாடினாலும் வேர் விடாதுன்னு."

அவர் என்னை இழுத்து அணைத்துக்கொண்டார். மூச்சு முட்டியது. மருந்து வாசனை என் சட்டையிலும் ஏறிக்கொண்டது. எனக்கு வருத்தமாகவும் கொஞ்சம் கர்வமாகவும் இருந்தது. தோட்ட விஷயத்தில் பெரியவர் ஒருவருக்கு நான் தைரியம் சொல்வது அதுவே முதல் தடவை.

அதற்குப் பிறகு அப்பா செய்ததைத் தோட்டக்கலை தெரிந்த யாரும் செய்யமாட்டார்கள். தண்ணீர் பற்றாதபோது காய் பிடித்ததைக் காப்பாற்று, மற்றதை விடு என்பது அம்மாவின் வழக்கம். அப்பா எதையும் விடமாட்டேன் என்று நின்றார். குழாய்த் தண்ணீருக்குக் காசு போனாலும் போகட்டும் என்று மக்சிக் வீட்டுக் குழாயிலிருந்து ரப்பர் ஹோஸைக் கடன் வாங்கி, எங்கள் துணி துவைக்கிற ஹோஸை அதன் முனையில் கட்டி, அது எட்டாத தூரத்துக்கு வாளியில் சுமந்தார். மக்சிக்கும் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஒரு வாளி பிடித்தார். லாலானை அறுத்துவந்து பாத்தி பாத்தியாக மூடினோம். மறுநாளும் அப்படியே, அதற்கு மறுநாளும் அப்படியே. ஒரு வெண்டைப் பிள்ளை சாய்ந்தால் அப்பா அதற்கு ஈர்க்குச்சி முட்டுக் கொடுத்துக் கட்டினார். வெண்டைக்கு முட்டுக் கொடுத்த மனிதரை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. பிழைத்தது பாதி. போனதை எண்ணாமல், மிச்சமிருந்ததையே ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணி எண்ணி அவர் உள்ளே போவார்.

பதினேழாம் நாள் மத்தியானம் அம்மா டாக்சியில் வந்து இறங்கினாள். இளைத்திருந்தாள். அப்பா கையில் ஒரு துணிப்பை. அதில் எனக்கு ஒரு கவுன், மஞ்சள் நிறம், இரண்டு வயது சிறியவளுக்குத்தான் சரியாக வரும். பையில் குளுவாங் கடைப் பெயர் போட்டிருந்தது. பதினாறு நாள் தங்காக்கில் இருந்துவிட்டு எனக்குக் குளுவாங்கில், அதுவும் அளவு தெரியாமல் எடுத்திருக்கிறாளே என்று எனக்கு முகம் தொங்கிப்போயிற்று. ஆனாலும் அவளைப் பார்த்த சந்தோஷம் பெரிதாக இருந்தது. ஓடிப்போய் இடுப்பைக் கட்டிக்கொள்ளப் போனேன். அப்பா நடுவில் வந்து என்னைத் தூக்கிக்கொண்டார்.

வீட்டுக்குள் நுழையாமல் முதலில் தோட்டத்தைத்தான் பார்க்க வேண்டும் என்றாள். ஒவ்வொரு அடியாக, செம்பனைக் கன்றைப் பிடித்துப் பிடித்து நடந்தாள். நான் எல்லாவற்றையும் நானே சொல்லிவிட்டேன். காலிக் கட்டம், நான்கு பொட்டலம், உதிர்ந்த பூ, அப்பா அழுதது. அப்பா இருமினார். நான் நிறுத்தவில்லை. "எல்லாம் உசுரோட இருக்கும்னு சொன்னேன். பாதிதான் இருக்கு. மன்னிச்சிருங்கம்மா" என்று முடித்தேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

அம்மா ஈர்க்குச்சி முட்டோடு வரிசையாக நின்ற வெண்டைப் பிள்ளைகளைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். "வெண்டைக்கு யாரு முட்டுக் கொடுத்தா?" என்றாள். பிறகு அடிவயிற்றை ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். "சிரிக்க வைக்காதீங்க, வலிக்குது" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அப்பாவும் சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கு அழுகை நின்றுவிட்டது. வயிறு வலிக்கும் அளவுக்கு அம்மாவைச் சிரிக்க வைத்துவிட்டேன், ஆகவே தப்பு ஒன்றும் பெரிதில்லை என்று எடுத்துக்கொண்டேன்.

கட்டி கெட்டதில்லை என்று ஆஸ்பத்திரியிலிருந்து பதில் வந்ததும் எனக்கு எட்டு வருடம் கழித்துத்தான் தெரிந்தது. மீதி வருடம் அந்தக் காலண்டர்படிதான் போனது. நான் காலையில் கட்டத்தைப் படிப்பேன். அம்மா கேட்டுவிட்டு, "அது கெடக்கட்டும், மேகத்தப் பாரு" என்று வேறொன்றைச் செய்வாள். தன் கையால் எழுதியதையே அவள் மதிக்காதது எனக்கு எரிச்சலாக இருந்தது. தீபாவளிக்குப் பாவாடை தைக்கக் கொடுக்க அவளே என்னைக் கூட்டிப்போனாள். தையல்காரம்மா அளவு நோட்டை எடுத்தபோது, "அது பழைய அளவு, புள்ள வளந்துட்டா, புதுசா எடுங்க" என்று சொல்லி, டேப்பை வாங்கி அவளே என்னைச் சுற்றிப் பிடித்தாள்.

ஆண்டுக் கடைசியில் மளிகைக் கடைக்காரர் அடுத்த காலண்டரைக் கொடுத்தார். நான் ஓடிப்போய் மேசையில் விரித்து, நீலப் பேனா, சிவப்புப் பேனா, அடிக்கோல் மூன்றையும் எடுத்துவைத்து அம்மாவைக் கூப்பிட்டேன். இந்த முறை காலிக் கட்டமே இல்லாமல் நான் மேற்பார்வை பார்ப்பதாக உத்தேசம். அம்மா அடுப்படியிலிருந்து வந்து பார்த்தாள். பேனாக்களை எடுத்து என் பென்சில் பெட்டிக்குள் போட்டு மூடினாள். காலண்டரைச் சுருட்டிக் கொண்டுபோய் ஆணியில் மாட்டினாள். வெறும் எண்கள், குதிரைகள்.

"எழுதலையாம்மா?"

"எதுக்குடி? நான்தான் இருக்கேன்ல" என்றாள்.

ஒரே வருடத்தில் பழைய சோம்பேறித்தனம் திரும்ப வந்துவிட்டதே என்று எனக்கு வருத்தமாகப் போயிற்று. இரண்டு நாள் அவளோடு பேசவில்லை.